டிரெசர் புத்தகத்துல ஆகஸ்ட் எட்டு

பதினாலு. இந்த நம்பர மறக்காதீங்க. 1961 ஆகஸ்ட் எட்டாந்தேதி, பாலிங் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல, மூணாவது டிவிஷன்ல மட்டும் பதினாலு பிள்ளைங்க பொறந்திருக்கு. தோட்டத்துக்கு வைத்தியம் பாத்த டிரெசர் கைப்பட எழுதுன புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.

அதுல ஒம்பதாவது பேரு காளிதாசன். இப்ப அவருக்கு அறுபத்து நாலு வயசு, கையில சிவப்பு ஐசி, அதாவது பிரஜை இல்லாதவங்களுக்கு குடுக்கற அடையாள அட்டை. இங்க பொறந்து, இங்க பால்மரம் வெட்டி, இங்க லோரியில மூட்ட ஏத்தி முதுகு வளைஞ்ச மனுஷன். ஆனா பிரஜை இல்லையாம். ஓட்டு கெடையாது. உதவித்தொகைக்கு மனு போட்டா மொத வரியிலயே தள்ளிடறான்.

"விடு பிள்ள. எரிக்கிறப்ப என்ன கலர் ஐசின்னு எவனும் கேக்கமாட்டான்"னு தங்கச்சிகிட்ட சொல்லுவாரு.

தங்கச்சி பிரேமலா விடற ஜாதியில்ல. திகாம் பத்துங்கற ஊர்ல வீடு, சுங்கைப்பட்டாணியில கையுறை தொழிற்சாலையில தரம் பாக்கற வேல. மூணு வருஷத்துக்கு முன்னால அந்த டிரெசரோட மக ஷீலாவ தேடிப் பிடிச்சு, புத்தகத்த வாங்கி, அண்ணனுக்கு மனு போட்டா. அப்ப ஒரு தப்பு பண்ணா. தமிழ்ப்பள்ளி பதிவேட்டுல அண்ணன் பொறந்தது ஜூன் ரெண்டுன்னு இருந்துச்சு. ரெண்டு தேதி இருந்தா வம்புன்னு பள்ளிக்கூட தாள மட்டும் எடுத்து ஒளிச்சுட்டா.

பதிவு இலாகா கவுண்டர்ல இருந்த அதிகாரி, காளிதாசனோட பழைய பைல தொறந்தான். உள்ளயே இருந்துச்சு, அதே பள்ளிக்கூட தாளோட நகல்.

"இங்க ஜூன் ரெண்டு. அங்க ஆகஸ்ட் எட்டு. எது பொய், புவான்? ஒரே நாள்ல பதினாலு பிரசவம் வேற. கத சொல்றீங்களா?"

பைல தள்ளிவிட்டான். காளிதாசன் தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டு வெளிய நடந்தாரு. பிரேமலா தாளையெல்லாம் பொறுக்கிக்கிட்டு பின்னாலயே ஓடுனா.

தொழிற்சாலையில ஒரு பெட்டி கையுறையில ஓட்ட இருந்தா எந்த மிஷின், எந்த ஷிப்டு, யாரு பாத்தான்னு எழுதணும். பெட்டிய ஒளிச்சா வேல போயிரும். தெனம் அங்க செய்யறத சொந்த அண்ணன் விஷயத்துல செய்யலையேன்னு தன்னையே திட்டிக்கிட்டா. குடும்ப மரம் போடற சாப்ட்வேர் ஒண்ண லேப்டாப்ல எறக்கினா. அது மாமா மச்சான் பேர கோடு போட்டு காட்டறதோட நிக்கல. ஒவ்வொரு தாளுக்கும் கேள்வி கேட்டுச்சு. யாரு சொன்னது? கண்ணால பாத்தாரா? எத்தன நாள் கழிச்சு எழுதுனது? ஒரே ஆளுக்கு ரெண்டு தேதி இருந்தா ரெண்டையும் வச்சுக்க எடம் குடுத்துச்சு.

ஜூன் ரெண்டு: அப்பா சொன்னது, ஆறு வருஷம் கழிச்சு. ஆகஸ்ட் எட்டு: டிரெசர் எழுதுனது, அதே வருஷம். அப்புறம் டிரெசர் புத்தகத்த பூரா ஏத்துனா, பக்கம் பக்கமா, எல்லாப் பேரையும். தேதி வாரியா அடுக்கச் சொன்னா. திரையில வந்தத ஒண்ணொண்ணா எண்ணிப் பாத்தா. பத்து வருஷமா மூணாவது டிவிஷன்ல வருஷத்துக்கு ரெண்டே தேதியிலதான் பிள்ள பொறந்திருக்கு! அந்த மனுஷன் ஆறு மாசத்துக்கு ஒருக்கா சைக்கிள்ல வந்து, நடுவுல பொறந்ததையெல்லாம் வந்த தேதியில எழுதிட்டு போயிருக்காரு. ஆக, நாளுக்கு அந்தத் தாள நம்ப முடியாது. வருஷத்துக்கும் எடத்துக்கும் நம்பலாம். மெர்டேக்கான்னு சொல்ற சுதந்திரத்துக்கு அப்புறம், அறுபத்தொண்ணுல, இந்த மண்ணுல பொறந்தவன் பிரஜை. சட்டம் நாள கேக்கல.

தோட்டத்த வித்து வீடு கட்டிட்டானுங்க. மாரியம்மன் கோயில் மட்டும் நிக்குது. திருவிழாவுக்கு பழைய ஆளுங்க பூரா வருவாங்க. பிரேமலா லேப்டாப்போட அன்னதானப் பந்தல்ல ஒக்காந்தா.

பெண்டாங்குல இருந்து வந்த, அண்ணனோட ஒண்ணா வளந்த சிவநேசன் சிரிச்சாரு. "என்னா தங்கச்சி, சாமி கும்பிட வந்தியா, செக்ரோல் எடுத்து ஆளு எண்ண வந்தியா?"

"ஐசிய காட்டுங்கண்ணே."

ஆகஸ்ட் எட்டு. நீலம், பிரஜைங்களுக்கு குடுக்கறது.

"எங்க கோஷ்டிக்கே ஆகஸ்ட் எட்டுதான்லா! கேக்கு வெட்டணும்னா லோரியிலதான் கொண்டாரணும். ஆமா, காளிக்கு மட்டும் ஏன் செவப்பு?" கேட்டுட்டு அவரே நிறுத்துனாரு. "அட, அம்மை. எங்களுக்கு பன்னெண்டு வயசுல தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுன கிராணி, டிரெசர் புத்தகத்தோட லோரியில ஏத்தி ஐசி எடுக்க கூட்டிட்டு போனாரு. காளிக்கு அம்மை போட்டிருந்துச்சு. வேப்பில கட்டுன வீடு, யாரு கூப்பிடுவா? வுட்டுட்டு போயிட்டோம். அப்புறம் அவன் பள்ளிக்கூட தாள மட்டும் வச்சுக்கிட்டு தனியா போனான்."

அவ்வளவுதான் விஷயம். அதே பக்கம், அதே மை. லோரியில ஏறுனவனுக்கு நீலம், பாயில படுத்திருந்தவனுக்கு அம்பது வருஷம் சிவப்பு. பிரேமலா கண்ண தொடச்சுக்கிட்டு அடுத்த ஆள கூப்பிட்டா. வராதவங்களுக்கு போன் போட்டா. ஒவ்வொரு ஐசியையும் படம் புடிச்சு பேருக்கு நேரா ஏத்துனா.

போன மாசம் அதே கவுண்டர், அதே அதிகாரி. பள்ளிக்கூட தாளத்தான் மொதல்ல வச்சா.

"திரும்பவும் பதினாலு பேரா? ஒரே நாள்ல பொறந்தாங்கன்னு நா நம்பணுமா?"

"நம்பாதீங்க துவான். நாங்களே நம்பல. அது டிரெசர் வந்த நாள்." பத்து வருஷப் பட்டியல நீட்டுனா. "தாளு பொய்யின்னா, இந்தத் தாள வச்சு நீங்க குடுத்த நீல ஐசி பூராவும் பொய். போய் பிடுங்கிட்டு வாங்க. இல்லன்னா எங்கண்ணனுக்கும் குடுங்க."

காளிதாசன் தொப்பிய மடியில வச்சு நசுக்கிக்கிட்டிருந்தாரு. அதிகாரி பக்கத்த பொரட்டுனான். திரும்ப பொரட்டுனான். இந்தத் தடவ பைல தள்ளல, தன் பக்கம் இழுத்தான். ரசீதுல முத்திர குத்தி, பேனாவ தொறந்தான்.

"மேலிடத்துக்கு எழுதணும். இந்தப் பக்கத்த வச்சு நீலம் வாங்குனவங்க எத்தன பேரு?"

"ரெண்டு பிள்ள பால்குடியிலயே போயிருச்சு, டிரெசரே சிலுவ போட்டிருக்காரு. ஒருத்தரு இதோ ஒக்காந்திருக்காரு."

"மிச்சம்?"

"பதினொண்ணு."