சுடர் மன்றத்தில் கேட்ட தாய் பெயர்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் திண்டுக்கல்லில் ராயப்பராஜ் வெங்காய மண்டி என்றால் லாரிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு வந்து நிற்பான். அந்த மண்டியில் பாதி என் மனைவி வியாகுலம்மாள். அவள் பெயரை எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் கூலிக்கு வெங்காயத் தாள் அறுத்தவள் அவள். எட்டு வருடம் பிள்ளையில்லை. ஞானஸ்நான வீடுகளில் குழந்தையை அவள் கையில் தரமாட்டார்கள். என் சொந்த அக்காவே, "மலடி கை படவேணாம்த்தா" என்று ஒரு பிள்ளையைப் பிடுங்கியிருக்கிறாள். அப்புறம்தான் மரியசெல்வி பிறந்தாள்.

மகளைப் பெண்கள் கல்லூரியில் சேர்த்தேன். அங்கே சுடர் மன்றம் என்று ஒன்று. படிப்பிலும் நடத்தையிலும் முதலாக நிற்கிறவர்களை மட்டும் எடுப்பார்கள். விடுதியில் கரண்டு இல்லாத காலத்தில் மூத்த பெண்கள் தங்கள் அரிக்கேன் விளக்கை இளையவளுக்குக் கொடுத்துப் படிக்கவைத்தார்களாம். அதன் நினைவாக இன்றும் மேடையில் விளக்கு கைமாறும். என் மகளை எடுத்தார்கள். எடுக்காமல் என்ன, யார் ரத்தம்!

போனில் சொன்னாள்: "அம்மா, ஒவ்வொருத்தியும் தாய் பேரச் சொல்லித்தான் விளக்கு வாங்கணும். ரெண்டு பேரும் வந்துருங்க."

வியாகுலம் என் பக்கம் திரும்பினாள். "எம்பேரையா? அம்புட்டுப் பேரு முன்னாடியா?" என்றாள்.

"பின்ன, எங்க அக்கா பேரையா சொல்லுவா?" என்றேன். அக்காவையும் காரில் ஏற்றிக்கொண்டேன். அவள் காதால் கேட்கட்டும் என்றுதான்.

மேடையில் முதல்வர் கேட்டார்: "உன் தாய் யார்?"

மகள் கணீரென்று சொன்னாள்: "தமிழ்நிலா."

மூன்றாம் வருடத்துப் பெண் ஒருத்தி விளக்கோடு முன்னால் வந்தாள். நான் எழுந்துவிட்டேன். "ஏத்தா மரியசெல்வி! ஒங்காத்தா இந்தா உக்காந்திருக்கா! எவ பேரச் சொல்ற?"

அரங்கமே சிரித்தது. ஒரு டீச்சர் ஓடிவந்தார். "ஐயா, விளக்கு குடுக்குற அக்காவத்தான் இங்க தாய்னு சொல்றது. மன்றத்து வழக்கம். உக்காருங்க."

"அப்ப பெத்தவளுக்கு என்ன பேரு வச்சிருக்கீக?"

டீச்சர் மேடையிலிருந்த முதல்வரைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்க நான்தான் போகவேண்டியிருந்தது. நான் கேட்டதில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

வெளியே வந்து மகள் என்மேல் பாய்ந்தாள். "மானத்த வாங்கிட்டீங்கப்பா!" அம்மாவிடம் மட்டும், "ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேம்மா" என்றாள்.

"எனக்கு என்னத்தா தெரியும்" என்றாள் வியாகுலம்.

அக்கா சும்மா இருப்பாளா? "விடு வியாகுலம். லேட்டாப் பெத்த ஆத்தா, புள்ளைக்குச் சட்டுன்னு ஞாபகம் வரல" என்று சிரித்தாள். வீடு வரும்வரை வியாகுலம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

இந்த வருடம் மரியசெல்வி விளக்குக் கொடுக்கும் முறை. போன் செய்தாள். "அம்மா, நாந்தான் இப்ப தாய். ஒரு புள்ள எம்பேரச் சொல்லப்போகுது. நீ மட்டுமாச்சும் வாம்மா."

"அந்தப் புள்ளையப் பெத்தவ வருவாளா?" என்று கேட்டாள் வியாகுலம்.

"வருவாங்க."

"அவகிட்ட முன்னாடியே சொல்லிரு" என்று போனை வைத்தாள். போகவில்லை.