ஜிம்மி கண்ணைத் திறக்கவில்லை

லண்டன் நோர்பரியில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் பழுதென்றால் எங்கள் ஆட்கள் முதலில் கூப்பிடுவது குலசேகரத்தைத்தான். ஜெர்மனியில் தொழிற்சாலை மெஷின்களோடு மல்லுக்கட்டிவிட்டு லண்டனுக்கு வந்த மனிதர். மெஷின்கள் அவருக்குப் பயப்படும். ஆனால் யாராவது கண் கலங்கினால் போதும், ஆள் அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிடுவார். அந்தக் குணம்தான் ஜிம்மியை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

ஜிம்மி ஒரு பச்சோந்தி. பக்கத்து ஊரான சட்டனில் தனியே இருந்த ஆர்தர் என்ற கிழவர் வளர்த்தது. அவர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார், அங்கே பிராணிகளுக்கு இடமில்லை. மெஷின் திருத்தப் போன குலசேகரத்திடம், "நீ இவனைப் பார்த்துக்கொள்வாயா?" என்று கேட்டபோது கிழவரின் உதடு நடுங்கியது. இவர் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். கூட்டோடும் விளக்கோடும் வந்து நின்றவரை மனைவி ராஜி வாசலிலேயே மறித்தாள்.

"வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுப்போட்டு, பிறகு குத்துது குடையுது எண்டு என்னட்டை வரக்கூடாது. சொல்லிப்போட்டன்!"

"இஞ்சை பாரும், இது ஓணான் இல்லை. பச்சோந்தி."

"ரெண்டும் ஒண்டுதான். வீட்டுக்குள்ள செத்துக்கித்துப் போச்செண்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்."

முன்னறையில் ஹீட்டருக்குக் கிட்ட, சாமித்தட்டுக்குப் பக்கத்தில்தான் நல்ல சூடு. கூட்டை அங்கேயே வைத்தார். கொஞ்ச நாள் சும்மா இருந்த ஜிம்மி, பிறகு பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு கொப்பில் குந்தத் தொடங்கியது. உடம்பு கறுத்தது. சில்வண்டுப் பூச்சியை மூக்குக்கு நேரே நீட்டினாலும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆர்தர் சனிக்கிழமை தவறாமல் போன் எடுத்து, "ஜிம்மி எப்படி?" என்று கேட்பார். "நல்ல சுகம், நல்ல சுகம்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு குலசேகரத்துக்குச் சாப்பாடு இறங்காது. ஐயோ, நம்பிக் கொடுத்த மனிதனுக்கு எந்த முகத்தோடு சாவுச் செய்தி சொல்வது?

கடைசியில் கம்ப்யூட்டரில், பச்சோந்தி வளர்ப்பவர்கள் கூடிக் கதைக்கிற ஓர் இணையத்தளத்தைக் கண்டுபிடித்து, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் கையேந்தினார். அங்கே இருந்தவர்கள் விஷயத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். புதிதாக வருகிறவனுக்கு முதலில் திட்டு, பிறகுதான் புத்திமதி. தண்ணீரைக் கோப்பையில் வைத்திருக்கிறாயா, அட முட்டாளே, அது இலையில் நிற்கிற துளியைத்தான் நக்கும், தெளி என்றார்கள். தெளித்தார். விளக்கு பழசு, மாற்று என்றார்கள். மாற்றினார். கூட்டுக்குக் கிட்டப் புகை, ஸ்பிரே ஏதும் உண்டா என்று கேட்டார்கள். ஒன்றுமே இல்லை என்று எழுதினார். மனிதர் பொய் சொல்லவில்லை, அவர் அறிய அந்த வீட்டில் புகை இல்லை. ஜிம்மி இரண்டு நாள் தெளியும், பிறகு பழையபடி கண்ணை மூடிவிடும். சரி, கூட்டைப் படம் எடுத்துப் போடு என்றார்கள். போட்டார். யாரோ ஒருவர் போன் நம்பர் கேட்டார், அதையும் எழுதினார்.

அடுத்த நாள் காலை போன் அடித்தது.

"வணக்கம் அண்ணே. நான் நீலவேணி, வட லண்டன் எட்மண்டன்ல இருக்கேன். மலேசியாக்காரி. பச்சோந்தி தளத்துல உங்க படத்தைப் பார்த்துட்டுத்தான் நம்பர் கேட்டேன்."

தளத்தில் எந்தப் பெயரில் எழுதுகிறாள் என்றும் சொன்னாள். அந்தத் தளத்தில் எல்லோரையும் திட்டுகிறவர்களில் முதல் ஆள் இந்தப் பிள்ளைதானாம்!

"அண்ணே, கூட்டுக்குப் பக்கத்துல சாம்பிராணிச் சட்டி தெரியுதே. வெள்ளிக்கிழமை போடுவீங்களா?"

"ஓம்... அது சாமிக்கு."

"சாமிக்குத்தான்லா. மூச்சு விடுறது ஜிம்மியாச்சே! அதுக்குக் கண்ணும் நெஞ்சும் எரியுது. இப்பவே வேற அறைக்கு மாத்துங்க. வீட்டுக்குள்ள புகையே வேண்டாம். ரெண்டு மூணு நாள்ல கண் திறக்கலேன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க."

குலசேகரம் தலையில் அடித்துக்கொண்டார். சாம்பிராணி அவர் கணக்கில் புகையே அல்ல, அது பூசை. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் புகைக்கு வீரிட்டுக் கத்துகிற எச்சரிக்கை மணியின் பற்றரியைக் கழற்றி மேசையில் வைப்பவரே அவர்தான். வீட்டில் புகை இருக்கிறது என்று உண்மை சொன்ன ஒரே சீவனின் வாயையும் தானே கட்டியிருக்கிறார்!

கூடு மேல்மாடிக்குப் போனது. ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை. ராஜி சாம்பிராணி போட்டால் புகை மூலை முடுக்கெல்லாம் போகும். ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தபோதே, தீயணைப்புக்காரர் ஓடிவந்தும் நிறுத்தாதவள். அவளிடம் யார் சொல்வது? தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கிற சத்தத்தின் மறைவில் மெல்லச் சொன்னார்.

"ராஜி, இனி உள்ளுக்கை சாம்பிராணி போட ஏலாது. ஜிம்மிக்கு ஒத்துவரேல்லை."

 அவள் அலுமாரிக் கதவைப் படாரென்று சாத்தினாள். மனிதர் மெல்ல நழுவிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையால் வந்தபோது வீட்டுக்குள் மணம் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. வெளியே தூறலில், இவருடைய பழைய கோட்டைப் போர்த்துக்கொண்டு ராஜி சாம்பிராணிச் சட்டியோடு நின்றாள்.

"பிள்ளையாரப்பா, கோவிச்சுக்கொள்ளாதை. இண்டைக்கு நீயும் ஒருக்கால் வெளியில வா. உள்ளுக்கை சுகமில்லாத ஒரு வருத்தக்காரன் கிடக்கிறான்."

குலசேகரம் கேட்காதவர்போல உள்ளே போனார்.

மறுநாள் காலை மேலே போய் இலைகளுக்குத் தண்ணீர் தெளித்தார். ஜிம்மியின் ஒரு கண் திறந்திருந்தது. அது மெல்ல உருண்டு அவரைப் பார்த்தது. பிறகு மற்றக் கண்ணும் திறந்தது. ஒரு பூச்சியை விட்டார். நாக்கு போனதும் வந்ததும் தெரியவில்லை. பூச்சியைக் காணோம்.

"ராஜீ!"

செத்துப்போச்சென்று நினைத்துப் படியேறி ஓடிவந்தவள், ஜிம்மி வாயை அசைப்பதைக் கண்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சனிக்கிழமை. குலசேகரம் படிவரை வந்து அங்கேயே நின்றுவிட்டார். ராஜிதான் இறங்கிப் போய்ப் போனை எடுத்தாள்.

"ஆர்தர்? ஜிம்மி ஐ ஓப்பன்! ஜிம்மி ஈட்! குட் ஈட்!"

கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், அதைக் கையால் பொத்திக்கொண்டு மேலே நிமிர்ந்து பார்த்தாள். குலசேகரம் படியில் குந்தியிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அங்காலை அந்த மனுசன் அழுறார், இஞ்சாலை நீங்கள். போய் முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ, தோசை ஆறுது."