காத்து லீக்கா, காது லீக்கா

என் 2003ஆம் ஆண்டு நோயாளிக் குறிப்பேட்டில், ஆடி மாதத்துப் பக்கம் ஒன்றில், நீல மையில் எழுதிய ஒரு சொல்லின் நடுவே சிவப்பு மையில் ஓர் எழுத்தை நுழைத்திருக்கிறேன். பக்கத்தில் என் சுருக்கொப்பம், நாள், நேரம்: காலை 11.40. மருத்துவக் குறிப்பில் எழுதியதை அழிக்கக் கூடாது, திருத்தினால் யார் எப்போது திருத்தினார் என்று தெரிய வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த எழுத்து பத்து நாள் தாமதமாக அங்கே வந்து சேர்ந்தது. அந்தப் பத்து நாளில் ஒருவர் வேலையை இழந்திருக்கலாம். இன்னொருவர் விரலை இழந்திருக்கலாம்.

சுங்குவார்சத்திரத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கு மேல் மாடியில், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரின் கிளினிக் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் நான் அங்கே உட்காருவேன். காது கேட்கும் அளவைச் சோதிப்பதும், காது மிஷின் பொருத்துவதும் என் வேலை. காதுக்குள் ஓயாமல் ஒலி கேட்கிறவர்களுக்கு ஒலிக் கருவி மாட்டிப் பழக்குவதும் அதில் சேர்ந்தது. சோதனை அறை என்பது பலகையும் பஞ்சும் வைத்து அடித்த ஒரு பெட்டி. சத்தம் புகாது என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். பெங்களூர் சாலையில் லாரி போனால் புகும். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் சோதனையை நடத்துவேன்.

ஆடி பிறந்து முதல் செவ்வாய். காற்றும் புழுதியும். டோக்கன் கொடுக்கும் அம்மா எட்டிப் பார்த்தார். உள்ளூர்க்காரர், இரண்டு மகன்களும் கம்பெனிக்குப் போகிறவர்கள்.

"மேடம், ஒரு ஆளு வந்துகீறாரு. பேரைச் சொல்லிக் கூப்ட்டா திரும்ப மாட்றாரு. ஆனா குக்கர் சத்தத்துக்கு அப்டியே தூக்கிவாரிப் போட்டு எழுந்து நிக்கறாரு. இன்னான்னு பாருங்க."

பின்வீட்டில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தவருக்கு இருபத்தாறு வயது. கோவில்பட்டிப் பக்கம். ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்துவிட்டு, ஒரகடம் பக்கத்தில் கார் பாகங்கள் அடிக்கும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் டிரெய்னி. சேரப்பணஞ்சேரியில் நான்கு பேராக ரூம் எடுத்திருந்தார்கள். அதிக சத்தத்தில் இருந்ததால் காதின் உயர் சுருதி கொஞ்சம் போயிருக்கிறது, மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தார்.

"என்ன வேலை பார்க்கிறீங்க, அதைச் சொல்லுங்க" என்றேன்.

"பிரஸ் ஷாப் மேடம். பிரஸ்ஸோட தலை இருக்குல்லா, நாலஞ்சு டன்னு வரும், அத மேல தாங்கிக்கிட்டு நிக்கது காத்துதான். ஹோஸ்ல, ஜாயிண்ட்ல எங்கயாச்சும் லீக் ஆச்சுன்னா மொதல்ல உஸ்ஸுன்னு சத்தந்தான் வரும். அதக் கேட்டு லைன நிப்பாட்டணும். அதான் என் வேல. கீழ ஆபரேட்டர் கை உள்ள போயிப் போயி வந்துக்கிட்டு இருக்கும்."

"இப்போ?"

"இப்ப எப்பவும் உஸ்ஸுன்னுதான் கேக்கு."

ஒரே மாதத்தில் இரண்டு தடவை சிவப்புப் பொத்தானை அமுக்கி லைனை நிறுத்தியிருந்தார். இரண்டு தடவையும் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்திருக்கிறார்கள். கசிந்தால் நுரை முட்டை விடும். எங்கேயும் விடவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் டிரெய்னி காலம் முடிகிறது. இன்னொரு தடவை சும்மா நிறுத்தினால் பெட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"நிஜமான லீக்கைக் காது சத்தம்னு நினைச்சு விட்டுட்டீங்கன்னா?"

அவர் மேஜைமேல் இருந்த தன் கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

நோயாளி சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் எழுதுவது என் பழக்கம். பெட்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, எது உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் என்று கேட்டேன். அவர் சொல்லும்போது லாரி ஒன்று ஹாரனை அழுத்திப் பிடித்தபடி கடந்தது. நான் இப்படி எழுதினேன்: "காது சத்தந்தான் பெரும்பாடு. அது கேட்டாலே ஒடம்பு வெடவெடங்குது." அப்போது நான் பார்த்த இரைச்சல் நோயாளிகள் எல்லோரும் காது சத்தம் என்றுதான் சொல்வார்கள். திரும்பக் கேட்கத் தோன்றவில்லை.

அன்றே கருவியைப் பொருத்தினேன். காதுக்குப் பின்னால் உட்காரும் சிறிய பொருள், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். அது பேச்சைப் பெரிதாக்காது, மெலிதாக ஓர் இரைச்சலை மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும். எரிகிற பல்பை நம்மால் அணைக்க முடியாது, அதே அறையில் இன்னொரு பல்பைப் போடுகிறோம், நாளடைவில் முதல் பல்பைக் கண் தேடாது என்று எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். ஒலியைக் கூட்டி அமுக்கிவிடக் கூடாது, இரண்டும் சேர்ந்து கேட்கும் அளவில் நிறுத்த வேண்டும். ஷிஃப்டில் போடக் கூடாது, ரூமில் மட்டும்.

கருவியை முடுக்கியதும் அவர் தோள் இரண்டும் மேலே ஏறின. புதிதாகப் போடுகிறவர்களுக்குக் கூச்சம் இருக்கும். அதையும் குறித்துக்கொண்டேன்: "பொருத்தியவுடன் லேசான பதற்றம். இயல்பு."

வெள்ளிக்கிழமை வந்தார். கண் சிவந்திருந்தது.

"தூங்குனீங்களா?"

"எங்க மேடம். இத மாட்டுனதுல இருந்து ரூம் கேஸ் சிலிண்டரத் தொறந்து தொறந்து மூடுதேன். நாத்தம் வருதான்னு மோந்து மோந்து பாக்கேன். ரூம்ல உள்ளவன் கிறுக்கன்ங்கான்."

முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றேன். ஒலியை ஒரு படி குறைத்தேன். பொறுமையாக இருங்கள் என்றேன். என் குறிப்பேட்டில் அந்த வெள்ளிக்கான பதிவு நல்ல கையெழுத்தில், அடிக்கோடுகளுடன் இருக்கிறது. சிலிண்டர் விஷயத்தையும் எழுதியிருக்கிறேன். எழுதியதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை, கைக்குட்டையில் சுருட்டிய கருவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"வேண்டாம் மேடம். இது என்னயக் கொன்னுரும். நேத்து மூணாவது பிரஸ்ல சத்தம் கேட்டுச்சு. காதா மிஷினான்னு தெரியல. பொத்தான்ல கைய வச்சுக்கிட்டே நின்னேன். அமுக்கல. ஷிஃப்ட் முடியற வரைக்கும் ஆபரேட்டர் கையவே பாத்துக்கிட்டு நின்னேன். ஒண்ணும் ஆவல. ஆனா ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?"

"ஷிஃப்ட்ல கருவி போட்டிருந்தீங்களா?"

"இல்ல. போடாமலே அதே சத்தம். இது பழகிப் பழகி இப்ப ரெண்டு மடங்கா கேக்கு." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "லைன்ல எல்லாப் பயலும் பாட்டாவே பாடுதான். என்னடே, காத்து லீக்கா, காது லீக்கா? காத்து லீக்கா, காது லீக்கா? உள்ளூர்க்காரன் ஒருத்தன் ஹெல்மெட்டத் தட்டிக்கிட்டே கேக்கான்."

வெளியே இருந்த டோக்கன் அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "நம்மூரு பசங்கதான், வாயி அப்டி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறிப்பேட்டில் அவருடைய முதல் நாள் பக்கத்தைத் திருப்பினேன்.

"முதல் நாள் எது கஷ்டம்னு கேட்டேனே, என்ன சொன்னீங்க?"

"காத்து சத்தம்னு சொன்னேன்."

"காது சத்தம்னு இல்லையா?"

"காது சத்தத்துக்கு என்ன மேடம், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. காத்து சத்தம் கேட்டாத்தான் வெடவெடங்குது. ஊர்ல டிரெய்னிங்ல இருக்கையில என் கண்ணு முன்னால ஒரு கை போச்சு. மொதல்ல இந்த உஸ்ஸுதான் கேட்டுச்சு."

நான் அவர் காதில் மாட்டியது அந்த உஸ்ஸைத்தான். மற்றவர்களுக்குத் தூரத்து அருவி மாதிரி இருக்கும் அந்த ஒலி, அவருக்குப் பிரஸ்ஸின் தலை இறங்கப்போகிறது என்ற செய்தி. ஒவ்வொரு நாளும் மணிக்கணக்காக அதைக் கேட்கச் சொல்லி, பொறுமையாக இருங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.

குறிப்பேட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். தப்பு என்னுடையது, ஓர் எழுத்தை விட்டுவிட்டேன், அதனால் தப்பான ஒலியைக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பத்து நாளு மேடம்" என்றார்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். அப்போது மணி 11.40.

கருவியின் மூடிக்குக் கீழே இரண்டு சிறிய திருகுகள் உண்டு. ஒன்று அளவுக்கு, ஒன்று சுருதிக்கு. இரண்டாவதை நான் அதுவரை யாருக்கும் அதிகம் தொட்டதில்லை.

"எந்தச் சத்தம் கேட்டா உங்களுக்குத் தூக்கம் வரும்?"

"கம்பெனி பஸ்ஸு. கடைசி சீட்டு, எஞ்சின் உறுமும்லா. ஏறி ஒக்காந்தா ஸ்டாப்புலதான் முழிப்பேன்."

திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக இடப்பக்கம் திருப்பினேன். உஸ் மங்கி மங்கி, அடித்தொண்டையில் யாரோ ஓயாமல் முனகுவதுபோல் ஆனது. "இல்ல... இல்ல... இன்னும் கீழ. ஆங். வாலாஜாபாத் ரோட்டுல போவுது இப்ப." தோள்கள் இறங்கின. அதை நான் எழுதிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இது ரூமுக்குத்தான். திங்கள்கிழமை ஷிஃப்டுக்கு என்ன வழி? காதுக்குள் பிறக்கும் ஒலி, தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் தலையோடு கூடவே வரும். வெளியில் பிறக்கும் ஒலி இருந்த இடத்திலேயே நிற்கும், தலையைத் திருப்பினால் ஒரு காதில் குறைந்து மறு காதில் ஏறும். இதைச் சொன்னால் போதாது, செய்து பார்க்க வேண்டும். மருத்துவர் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கேட்டு வாங்கினேன். அதன் ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றை விட்டால் அதே உஸ். டோக்கன் அம்மாவிடம் அதைக் கொடுத்து, திரைக்குப் பின்னால் இடம் மாறி மாறி நிற்கச் சொன்னேன். இளைஞர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் தடவையே நாற்காலிக் கையை இறுகப் பிடித்துவிட்டார். உதட்டுக்கு மேல் வியர்வை. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"தலையைத் திருப்புங்க. மெதுவா."

திருப்பினார். "வலப்பக்கம். வெளிய."

"இப்போ?"

"வெளிய. ஜன்னல்கிட்ட."

"இப்போ?"

நீண்ட நேரம். இடது, வலது, மறுபடி இடது. "கூடவே வருது. இது காது."

திரைக்குப் பின்னாலிருந்து அம்மா, "கரீட்டு! நான் வுடவே இல்ல, சும்மா புட்ச்சினு நின்னேன்" என்றார்.

மருத்துவர் தன் கருவியைக் கேட்டு ஆள் அனுப்பும் வரை செய்தோம். ஒரு தடவைதான் தப்பாகச் சொன்னார். அந்த ஒன்றே எனக்கு உறுத்தலாக இருந்தது. லைனில் பத்து மிஷின்கள் ஒரே சமயத்தில் இரையும். இங்கே ஒரு திரையும் ஒரு ரப்பர் பந்தும்தான்.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. வாசலில் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தேன். "வருவாரு மேடம், ஷிஃப்ட்டு மாறிகீதோ இன்னாவோ" என்றார் அம்மா. ஒரு காகிதத்தில் அவர் கம்பெனி ஃபோன் எண் இருந்தது. கூப்பிட்டால் என்ன கேட்பது? உங்கள் ஆள் காது சரியாக இருக்கிறதா என்றா? கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தார். யூனிஃபார்மோடு நேரே வந்திருந்தார். முழங்கைவரை கிரீஸ்.

"நிப்பாட்டிட்டேன் மேடம்."

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"புதங்கெழம, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். மூணாவது பிரஸ். உஸ்ஸு. தலையத் திருப்புனேன், இருந்த எடத்துலயே நின்னுச்சு. இந்தப் பக்கம் திருப்புனேன், நின்னுச்சு. அமுக்கிட்டேன். லைனே நின்னு எல்லாவனும் காத்து லீக்கா காது லீக்கான்னு ஆரம்பிச்சுட்டான். சூப்பர்வைசர் சோப்புத் தண்ணி மக்கோட வாராரு. மேல ஜாயிண்ட்ல பூசுனா ஒண்ணும் இல்ல. ஹோஸ்ல பூசுனா ஒண்ணும் இல்ல. மக்கக் கீழ வச்சிட்டு என் மூஞ்சியவே பாக்காரு."

"அப்புறம்?"

"எனக்கும் சந்தேகம் வந்துட்டு. மறுபடி தலையத் திருப்புனேன். நின்ன எடத்துலயே நிக்கி. மக்க நானே எடுத்துக்கிட்டு மிஷினுக்குப் பொறத்தால படுத்துப் போனேன். பிரஸ்ஸோட காத்து சிலிண்டருக்கு அடில ரப்பர் சீலு. பூசுனதும் முட்ட முட்டையா வருது."

"சூப்பர்வைசர் என்ன சொன்னார்?"

"சீல மாத்துன்னாரு. அம்புட்டுதான். மாத்தி எந்திரிச்சா அந்த ஆபரேட்டர் வந்து டீ வாங்கிக் குடுத்தாரு. அவரு கைதான உள்ள போயிட்டு இருந்துச்சு." சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே பாஸ்போர்ட் அளவுப் படங்கள், அப்போதுதான் எடுத்த ஈரம். "ஐடி கார்டுக்கு ரெண்டு கேட்டுருக்காங்க. டிரெய்னி கார்டுக்கு இல்ல. பெர்மனென்ட்டு."

"இனிமே கிண்டல் பண்ண மாட்டாங்க."

"நல்லாச் சொன்னீங்க. இப்ப என் பேரே காதுதான். ஏலே காது, இங்க வாடேங்கான்."

கருவியை வாங்கித் துடைத்து, குழாயைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னேன். சத்தம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். குறிப்பில் எழுத வேண்டும்.

"இருக்கு மேடம். இந்தா, இப்பக்கூட."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். பிறகு வலப்பக்கம். கீழே ஒரு லாரி போய் முடியும் வரை காத்திருந்து, இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"கூடவே வருது" என்றார். "அப்ப இது காது."