இரண்டாவது சுவருக்கு வைத்த பொட்டு

அப்புத்தளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பங்களா, அங்கே கோப்பி பயிரிட்ட காலத்தில் கட்டியது. புதிதாக வந்த துரைக்கு அதன் இருட்டு அறைகள் பிடிக்கவில்லை. குறுக்குச் சுவரை எடுத்து அறையைப் பெரிதாக்கச் சொன்னார். தோட்டத்துக் கொத்தனாரான அப்பாவும் சித்தப்பாவும் போனார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் நானும் போனேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சிலேட்டுப் பிடித்தவள் நான். ஏழு வயதிலேயே அந்தக் கர்வம் எனக்கு நிறைய.

அங்கே இரண்டு குறுக்குச் சுவர்கள் இருந்தன. அப்பா ஏணி வைத்து, கூரைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ஜன்னல் பக்கத்துச் சுவருக்கு மேலே கை நுழைய இடமிருந்தது; அது எதையும் சுமக்கவில்லை. கதவுப் பக்கத்துச் சுவரின் மேல்தான் பெரிய உத்திரம் உட்கார்ந்திருந்தது. இடிக்கிற சுவருக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, மன்னிப்புக் கேட்ட பிறகுதான் எங்கள் ஆட்கள் கடப்பாரையைத் தொடுவார்கள். அப்பா ஜன்னல் பக்கத்துச் சுவருக்கு மூன்று பொட்டு வைத்தார். பிறகு வெளியே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம், "பொட்டு வச்சதை மட்டும் தொடுடா. எதுக்கும் நான் முட்டுக் கொடுக்க மரம் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே, மொட்டையாக நின்ற மற்றச் சுவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மிச்சக் குங்குமத்தால் அதற்கும் மூன்று வைத்தேன்.

"என்ன பள்ளிக்கூடத்தம்மா, சுவருக்கும் பாடம் சொல்றீங்களா? வெளிய போங்க, தூசி!" கடப்பாரையோடு உள்ளே வந்த சித்தப்பா என்னை விரட்டினார். இரண்டிலும் பொட்டைக் கண்டவர், இரண்டையும் இடிக்க வேண்டும் என்று எண்ணி, கதவுப் பக்கத்திலிருந்தே தொடங்கினார்.

நாலைந்து இடிதான். மேலே ஏதோ முனகியது. மரத்தோடு வந்த அப்பா அதைப் போட்டுவிட்டு ஓடினார். "வெளிய வாடா!" என்று அவர் கத்தி முடிப்பதற்குள் உத்திரம் இறங்கிவிட்டது. சித்தப்பாவின் கால் அதற்கடியில். திறந்த வாயோடு அவர், வாசலில் நின்ற என்னையே பார்த்தார்.

ஆட்கள் அவரைத் தூக்கிப் போனதும் அப்பா என்னிடம் வந்தார். சிவந்திருந்த என் விரல்களைப் பார்த்தார். மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீருக்கு இழுத்துப் போய்த் தேய்த்துக் கழுவினார்.

துரை வந்து, இந்தச் சுவரைக் காட்டியது யார் என்று தன் அரைத் தமிழில் கேட்டார்.

"நான்தாங்க தொரை. தப்பாப் பார்த்துட்டேன்" என்றார் அப்பா.

சித்தப்பா பிழைத்தார், கால் நேராகவில்லை. அப்பாவுக்குக் கொத்து வேலை போயிற்று. அடுத்த திங்கட்கிழமை மண்வெட்டியோடு தேயிலை மலைக்கு ஏறினார்.

அப்பா துரையிடமே சொன்னது பொய்யாக இருக்குமா? நான் நம்பினேன். பொட்டு வைத்ததற்கா சுவர் விழும்? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விசாரித்தபோது, "எங்கப்பாவுக்கு எந்தச் சுவருன்னே தெரியல" என்று சொல்லி, அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.