கண்ணாடி பிடித்த முந்தானை

திருக்கோகர்ணத்தில் என் மெக்கானிக் ஷெட்டுக்கு ஒரு ஜமீன் வீட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. சுவிட்சை அழுத்தினால் ஜன்னல் கண்ணாடி தானாக ஏறும், இறங்கும். எல்லாம் சரிசெய்தும் ஒரு கண்ணாடி மட்டும் ஏறவில்லை. சாயங்காலத்துக்குள் ஏறாவிட்டால் வண்டியைத் திருச்சிக்குக் கொண்டுபோவேன் என்றார் சொந்தக்காரர்.

கதவைப் பாதி திறந்துவைத்து உள்ளே உட்கார்ந்து சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுத் தூக்கை ஜன்னல் வழியாக நீட்டிய என் மனைவி கதவில் சாய்ந்தாள். கதவு நகர்ந்ததும் கண்ணாடி ஏறி அவள் முந்தானையைக் கவ்வியது.

“ஏங்க, ஒங்க காரு என் சேலையப் புடிச்சிருச்சு!”

“அசையாம நில்லு.”

கதவு அசைந்ததும் கண்ணாடி வேலை செய்ததால் கீல் பக்கம் பார்த்தேன். அங்கே கதவுக்குப் போகும் வயர் அறுந்து, கதவு அசையும்போது மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. முறுக்கிச் சேர்த்தேன். சுவிட்சை அழுத்தியதும் கண்ணாடி இறங்கியது.

“காருக்காவது என்னயப் புடிச்சிருக்கு” என்றாள்.

“எனக்குந்தான்” என்றேன். கல்யாணமாகி அதை முதல்முறையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.