பரண்மேல் காப்பி டப்பா

காப்பி ஈரலுக்கு நல்லது என்று இப்போதும் என் கைப்பேசிக்குக் கட்டுரைகள் வருகின்றன. நான் அவற்றைக் கடைசி வரிவரை வாசிக்கிறேன். பத்து வயதில் அப்படி வாசிக்க எனக்கு மனமில்லை.

அது அப்பாவின் கடைசித் தவக்காலம். சாம்பல் புதனன்று காலையில் அம்மா காப்பித்தூள் டப்பாவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினாள். ஒவ்வோர் ஆண்டும் தவக்காலத்துக்காக மீன், பூ, இனிப்பு என்று எதையாவது அவள் விட்டுவிடுவது வழக்கம்தான். காப்பியில் மட்டும் கை வைத்ததில்லை. நாளுக்கு நான்கு தம்ளர் குடிப்பவள். அந்த ஆண்டு அப்பாவின் ஈரல் நோய் தீர வேண்டும் என்று, தன்னால் விடவே முடியாத ஒன்றை ஆண்டவர்முன் வைத்தாள். தவக்காலம் முடியும் உயிர்ப்பு ஞாயிறுவரை வீட்டில் ஒருவருக்கும் காப்பி இல்லை. முதல் வாரம் முழுவதும் தலைவலி தாங்காமல் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே சமைத்தாள்.

மிஷன் பள்ளியில் எழுத்தராக இருந்த அப்பா, ஆனையூர் வீட்டின் சன்னலோரக் கட்டிலில் விடுப்பில் கிடந்தார். மதுவைத் தொட்டே அறியாதவர். பார்க்க வந்தவர்கள் அதை அவ்வளவாக நம்பவில்லை.

"நெசமாவே குடிச்சதில்லையாண்ணே?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார்.

"காப்பி குடிப்பேன் தம்பி. அதையும் ஒங்க மதினி பரண்ல ஏத்திட்டா."

நாளிதழ் எங்கள் வீட்டில் முதலில் அப்பாவின் கைக்குத்தான் போகும். சிவப்புப் பேனாவோடு ஒரு வரி விடாமல் வாசித்து, அச்சுப்பிழைகளைத் திருத்திய பிறகே எங்களுக்குத் தருவார். நோயிலும் அது நிற்கவில்லை. அப்படித் திருத்தங்களோடு என்னிடம் வந்த ஞாயிறு இணைப்பில்தான், காப்பியின் நன்மைகளைப் பற்றிய கட்டுரையைக் கண்டேன். அளவாகக் காப்பி அருந்துகிறவர்களுக்கு ஈரல் நோய்கள் குறைவாக வருவதாகத் தெரிகிறது என்று அதில் இருந்தது. மருந்து பரண்மேல் இருக்கிறது, ஏற்றிவைத்தவள் அம்மா. கட்டுரையின் முடிவில் இருந்த இரண்டு வரிகள்தாம் இடைஞ்சல்: இவையெல்லாம் நலமாக இருப்பவர்களுக்கு, நோய் கண்டவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டியெடுத்தபோது அந்த இரண்டு வரிகளையும் ஒதுக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மா சிலுவைப்பாதை வழிபாட்டுக்காக மாதா கோயிலுக்குப் போனதும், அப்பாவிடம் அந்த நறுக்கைக் கொடுத்தேன். நிதானமாக வாசித்தார். கோணலாக வெட்டுப்பட்டிருந்த அடிவிளிம்பை விரலால் தடவினார்.

"இம்புட்டுத்தானா தாயி?"

"அம்புட்டுத்தாம்ப்பா."

"அப்பச் சரி. போடு."

மேசைமேல் முக்காலி வைத்து ஏறி டப்பாவை இறக்கினேன். நான் போட்ட காப்பியை அவர் இரண்டு மடக்குக் குடித்திருப்பார். அதற்குள் அம்மா திரும்பிவிட்டாள். மணம் வாசலிலேயே அவளை நிறுத்தியது.

"யாருடி எறக்குனது?"

"நாந்தான் கேட்டேன். புள்ளைய ஏசாத" என்றார் அப்பா.

"ஒங்க உசுருக்காகத்தான நான் நாக்கக் கட்டிக் கெடக்கேன். நீங்களே கேக்கலாமா?"

அவள் என்னை அடிக்கவில்லை. டப்பாவை மறுபடி ஏற்றிவிட்டு மாதா படத்தின்முன் முழங்காலிட்டாள். அன்றிலிருந்து, அப்பா முனகும்போதெல்லாம் நான் போட்ட காப்பிதான் காரணமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அறைக்கு வெளியே, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, மருத்துவர் மெல்லப் பேசினார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. இனிமே பத்தியமெல்லாம் வேணாம். ஆசைப்பட்டதைக் குடுங்க."

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது. அவரும் அந்தக் கட்டுரையை வாசித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலையைக்கூட மாற்றாமல் முக்காலியில் ஏறினாள். திக்கான காப்பியாக மூன்று தம்ளரில் ஊற்றினாள். மூன்றாவது தனக்கு. உயிர்ப்பு ஞாயிற்றுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாராம்மா?"

"குடி" என்றாள்.

அப்பா ஒரு வாய் உறிஞ்சினார். "இதுல்ல காப்பி. அன்னைக்கு நீ குடுத்தது கசாயம் தாயி." நான் சிரித்தேன். அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, தம்ளரைவிட்டுக் கண்ணெடுக்காமல், சூடு ஆறுமுன் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

நான் வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டு மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அப்பாவுக்குச் சரியாகப் போகுது. டாக்டர் பத்தியம் வேணாம்னுட்டாரு. அம்மாவே டப்பாவ எறக்கிக் காப்பி குடிச்சிருச்சு."

மாமாவின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "மதினியா? குடிச்சிட்டாகளா?" என்று மட்டும் கேட்டார். பிறகு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வீட்டுக்குள் போனார். இவ்வளவு நல்ல செய்தியைச் சொல்லியும் அவர் ஏன் ஒரு முறையாவது சிரிக்கவில்லை என்று, அவருடைய வண்டியருகில் நின்று நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.