மூன்று மூச்சு

மகளை அறைந்த மறுநாள் தியானம் தொடங்கினேன். இன்று ஐந்தாம் நாள். "மூச்சை மட்டும் எண்ணுங்கள்," என்றது போனில் இருந்த குரல். ஒன்று, இரண்டு... பக்கத்து வீட்டுத் தறி சட்டென்று நின்றது. துள்ளி எழுந்துவிட்டேன்.

அப்பா குழித்தறியில் நெய்தவர். சத்தம் நின்றால் இழை அறுந்திருக்கும், இல்லாவிட்டால் அவருக்கு வெறி வந்திருக்கும். குழியிலிருந்து காலை எடுத்து மேலே ஏற மூன்று மூச்சு ஆகும். அதற்குள் அம்மாவும் நானும் தெருவுக்கு ஓடிவிட வேண்டும்.

எனக்குப் பத்து வயதில் ஒருநாள் தறி நின்றது. அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, "இன்னாடி, வராரா?" என்றாள்.

காது கொடுத்துக் கேட்டேன். "இல்லம்மா, இழை அறுந்துபோச்சு. முடிச்சு போட்டுக்கினு இருக்காரு."

என் கணக்கு தப்பு. அப்பா வந்து நின்றார். கையில், தறியில் குறுக்கிழை ஓட்டும் இரும்பு முனை வைத்த நாடாக் கட்டை. ஒரே அடியில் அம்மாவின் புருவம் பிளந்தது. களைந்த தண்ணீர் சிவந்தது. அவள் ஓடாததற்குக் காரணம் நான்.

பக்கத்து வீட்டுத் தறி மறுபடியும் ஓடத் தொடங்கியது. அதற்குள், நான் துள்ளி எழுந்ததைப் பார்த்த என் மகள், எழுதிக்கொண்டிருந்த நோட்டை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடியிருந்தாள்.